அலியின் பெயர் எங்கே?



ஜார்ஜ் டவுன் வீதிகளில் நடந்தால் லைட், பார்குவார், மெக்காலிஸ்டர் எனத் துரைமார்களின் பெயர்களைத் தெருப்பலகைகளில் காணலாம். அவர்களுக்கு வழிகாட்டி, மொழிபெயர்த்து உதவிய உள்ளூர்க்காரர்களின் பெயர்களைத் தேடிப் பாருங்கள்; கிடைப்பது அரிது. அறிவியல் உலகிலும் இதே நிலைதான். நம் நாட்டு இளைஞர் ஒருவரின் வரலாறே இதற்குச் சான்று.

ஆங்கிலேய இயற்கை ஆராய்ச்சியாளர் ஆல்பிரட் ரசல் வாலஸ் 1854-இல் சிங்கப்பூரில் வந்திறங்கி, எட்டு ஆண்டுகள் மலாய்த் தீவுகளைச் சுற்றினார். உயிரினங்கள் மாறி வளரும் விதம் பற்றி 1858-இல் டெர்னாத்தே தீவிலிருந்து டார்வினுக்குக் கட்டுரை அனுப்பிப் புகழ்பெற்றவர் இவர்தான். 1855-இல் சரவாக்கில் இவரிடம் சமையல் வேலைக்குச் சேர்ந்தார் அலி என்னும் மலாய் இளைஞர்.

அடுப்படியிலிருந்து காட்டுக்கு

அலி விரைவிலேயே துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொண்டார். பறவையைச் சுடுவதோடு வேலை முடியாது. அது அழுகுமுன் தோலை உரித்து, பஞ்சடைத்து, எறும்பு அண்டாமல் காயவைக்க வேண்டும். இறகு கெட்டால் உழைப்பெல்லாம் வீண். படகு செலுத்துவதும், புதிய ஆட்களைப் பழக்குவதும் அவர் பொறுப்பாயின. 1856-இல் மக்காசாரில் கடுங்காய்ச்சலிலும் விழுந்து எழுந்தார்.

1858-இல் பச்சான் தீவில் ஒரு நாள், இடுப்புவாரில் பறவைகளைத் தொங்கவிட்டபடி திரும்பினார் அலி. அவற்றுள் ஒன்றுக்கு மார்பில் பச்சை மினுமினுப்பு. தோள்களில் நீண்ட வெள்ளை இறகுகள். அறிவியல் அதுவரை அறியாத சொர்க்கப் பறவை அது! லண்டன் அறிஞர் ஜார்ஜ் கிரே அதற்குச் சூட்டிய பெயர் 'செமியோப்டெரா வாலசியை'. கொண்டுவந்தவர் அலி, பெயர் வாலசுக்கு.

வாலஸ் சேர்த்த உயிரினங்கள் மொத்தம் 1,25,660. அவற்றுள் பறவைகள் 8,050. இவற்றில் பெரும்பகுதி அலியின் கைவண்ணம் என்கின்றனர் இன்றைய ஆய்வாளர்கள்.

வாலஸ் நன்றி மறந்தவர் அல்லர். 1862-இல் சிங்கப்பூரில் பிரியும்போது அலியைப் புகைப்படம் எடுக்கச் செய்தார். பணமும் இரண்டு துப்பாக்கிகளும் கொடுத்தார். 1905-இல் வெளியிட்ட தன் வரலாற்றில் அப்படத்தையும் சேர்த்தார். 1907-இல் டெர்னாத்தேயில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் தாமஸ் பார்பர்முன் ஒரு முதியவர் வந்து நின்றார். தம் பெயரோடு வாலஸ் பெயரையும் சேர்த்துச் சொல்லித் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். அவர்தான் அலி!

நம் பிள்ளைகளுக்கு

ஆப்பிரிக்கக் கிராமங்களிலும் அந்நிய ஆய்வாளர்களுக்காக வீடு வீடாகச் சென்று கேட்டெழுதியவர்கள் உள்ளூர் இளைஞர்களே. இன்று நம் தோட்டங்களுக்கும் பல்கலைக்கழகத்தார் வருகிறார்கள். பாட்டிமாரின் பழங்கதைகளை நம் பிள்ளைகளே மொழிபெயர்த்துத் தருகிறார்கள். பெற்றோர்களே, அந்தப் பிள்ளையிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். நாள், இடம், பேசியவர் பெயர், தன் பெயர் நான்கையும் குறித்து வைக்கட்டும். ஆய்வாளரிடம், "புத்தகத்தில் என் பெயரும் வருமா, ஐயா?" என்று பணிவோடு கேட்கவும் பழகட்டும்.

உழைத்தவன் அப்படிக் கேட்பதில் ஒரு குற்றமும் இல்லை.