இறுகிப்போன ரப்பருக்கு எதுவரை வைத்தியம்?

பழைய கார்களின் கதவையும் கண்ணாடியையும் சுற்றி ஓடும், பட்டறைகளில் பீடிங் எனப்படும் ரப்பர்ப் பட்டை, ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகி வெடிப்பதைக் கண்டு அது காய்ந்துவிட்டதென்றும் ஏதேனும் எண்ணெய் தடவினால் தேறிவிடுமென்றும் பலர் கருதுகின்றனர். ஆனால் அந்த இறுக்கத்திற்குப் பின்னால் தன்மையில் வேறான இரண்டு மாற்றங்கள் உள்ளன, அவற்றுள் ஒன்றை மட்டுமே ஓரளவு ஈடுசெய்ய இயலும்.

ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கந்தகத்தால் ஆங்காங்கே பிணைத்து உறுதியும் மீள்தன்மையும் ஊட்டும் வல்கனைசிங் என்னும் முறையைச் சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்து, 1844-இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார். இப்பிணைப்புகள் அளவோடு இருக்கும்வரை ரப்பர் அமுங்கி மீளும். வெயிலிலும் காற்றின் ஆக்சிஜனிலும் நெடுங்காலம் கிடக்கையில் மேலும் பிணைப்புகள் தோன்றுவதால், சங்கிலிகள் அசைய இடமின்றி இறுகுகின்றன, இம்மாற்றம் மீளாதது. குழைவுக்காக ஆலையில் ரப்பரோடு கலக்கப்பட்ட எண்ணெய் சிறிது சிறிதாக வெளியேறுவது மற்றொரு மாற்றம். வைத்தியம் பலிப்பது இதில்தான்.

பட்டையை மென்மையான சோப்பு நீரால் கழுவி, நன்கு உலர்த்தி, சிலிக்கோன் கிரீஸை மெல்லிய துணியால் மெலிதாகத் தேய்த்து, இரவு முழுதும் ஊறவிட்டு, மிகுதியைத் துடைத்தெடுப்பதே பாதுகாப்பான முறை. விரைவில் பெயிண்ட் அடிக்கவிருக்கும் காரில் இதைத் தள்ளிப்போடுவது நல்லது. சிலிக்கோன் பட்ட தகட்டில் பெயிண்ட் சீராகப் பரவாமல் குழிகுழியாக விலகும். மண்ணெண்ணெய், என்ஜின் ஆயில், பெட்ரோலியம் ஜெல்லி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். இக்காலக் கதவுப் பட்டைகள் பெரும்பாலும் ஓசோனைத் தாங்கும் ஈபிடிஎம் என்னும் செயற்கை ரப்பரால் ஆனவை என்பதால், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பி வலுவிழக்கும். நீலகிரியில் தைலமாக விற்கப்படும் விண்டர்கிரீன் எண்ணெய், அதாவது வலிநிவாரணிக் களிம்புகளில் மணக்கும் மெத்தில் சாலிசிலேட், ஆல்கஹாலில் கலந்து பூசினால் இறுகிய ரப்பரை வியப்பூட்டும் அளவுக்கு இளக்குகிறது. எனினும் அது ரப்பரை உப்பச்செய்தே இளக்குவதாலும், ஆவியானபின் இறுக்கம் திரும்புவதாலும், உருளை போன்ற தனிப் பாகங்களுக்கன்றிக் கதவுப் பட்டைக்கு உகந்ததன்று.

பயன் கிட்டியதா என்பதை அறிய, கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்க்கலாம். தாள் தடையின்றி வந்தால், பட்டை நிலையாகத் தட்டையாகிவிட்டது என்று பொருள். உட்கூடுள்ள பட்டையாயின், உள்ளே மெல்லிய நுரை நாடாவைச் செருகிச் சில காலம் ஓட்டலாம். ஆழமாக வெடித்த பட்டைக்கு அதுவும் உதவாது.

இவையெல்லாம் மழைநீரையும் தூசியையும் தடுக்கும் பட்டைகளுக்கே பொருந்தும். பிரேக் சிலிண்டருக்குள் உள்ள ரப்பர் வளையங்கள் இறுகிவிட்டால், அவற்றைக் கழற்றிப் புதியவற்றை இடுவதைத் தவிர வேறு வழியில்லை.