பல் மெருகூட்டல்

தேநீரும் வெற்றிலையும் பல்லில் ஏற்றிய கறை வீட்டுத் தூரிகைக்கு லேசில் மசியாது. கண்டி தோட்டப்புறங்களில் இது அன்றாடக் காட்சி. பல் வைத்தியர் முதலில் பற்காரையைச் சுரண்டி எடுப்பார், பிறகுதான் மெருகூட்டல். மெதுவாகச் சுழலும் சிறிய றப்பர் கிண்ணத்தில் நுரைக்கல் பசையைத் தொட்டு, பல்லின்மேல் சில நொடி மட்டும் பட்டும்படாமல் தேய்ப்பார். அழுத்தினால் பல் சூடேறும்.

மேற்கறை போகும், பல்லின் இயல்பு நிறம் மாறாது. எனாமலும் மிக நுண்ணிய அளவில் தேய்வதால், கறையுள்ள பற்களுக்கு மட்டும் மெருகூட்டுவது போதும். ஈறுக்கு நன்மை செய்வது காரை அகற்றல்தான். மெருகு பெரும்பாலும் அழகுக்கே.

பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள பல் சிகிச்சை நிலையத்துக்கோ கறைக்காகச் செல்லும் வெற்றிலைப் பழக்கமுள்ளோர், வாயின் உட்புறத்தையும் காட்டிப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.