பலா மரத்தின் வடுவும் வீணையின் நாதமும்

ஃபவுண்டரி ஷாப்பில் நாம் வார்த்த வார்ப்பில் ஒரு ப்ளோ ஹோல் தெரிந்தால் என்ன செய்கிறோம்? சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டு ஓரமாக வைத்து விடுகிறோம். அதை உருக்கி மறுபடியும் வார்த்துக் கொள்ளலாம், கவலையில்லை. மரத்தை உருக்க முடியாதே! முப்பது, நாற்பது வருஷம் நின்று வளர்ந்த பலா மரத்தில் ஒரு கணு இருக்கிறது என்பதற்காக அதைக் குறி போட்டு ஒதுக்க முடியுமா? தஞ்சாவூரில் வீணை செய்யும் என் தாய்மாமாவின் பட்டறையில் லீவு நாட்களில் பார்த்ததையும், நம் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வகுப்பில் படித்ததையும் சேர்த்து இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன்.

தஞ்சாவூர் வீணைக்குப் பலா மரம்தான். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற வீணை இது. சுமார் நாலடி நீளம். ஒரு பக்கம் குடைந்தெடுத்த குடம், அதை மூடும் மேற்பலகை, பலகை மேல் குதிரை. குடத்திலிருந்து நீளும் தண்டியின் மேல் மெழுகில் பதித்த 24 மெட்டுகள். முனையில் யாளி முகம். எல்லாம் ஒரே கட்டையில் அமைந்தால் ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து இணைத்தால் ஒட்டு வீணை. ஏகாண்டத்துக்குத்தான் மவுசு அதிகம். ஆனால் அவ்வளவு நீளத்துக்குக் கொஞ்சம்கூடக் குறையில்லாத கட்டை கிடைப்பது குதிரைக் கொம்பு. ஒட்டு வீணை செய்கிறவர் குறையுள்ள பகுதியை அறுத்துத் தள்ளி விடலாம். ஏகாண்டம் செய்கிறவர் அந்தக் குறையோடு குடித்தனம் நடத்தியாக வேண்டும்.

மரத்தில் வரும் குறைகள் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. பலாக் கட்டையைக் குறுக்கே அறுத்தால் நடுவில் மஞ்சளாக வைரம் தெரியும், வெளி வட்டத்தில் வெளுத்த பகுதி தெரியும். (இந்த மஞ்சள் சாயத்தில்தான் பௌத்த துறவிகளின் ஆடைகளுக்கு நிறமேற்றுவார்கள் என்பது கொசுறுத் தகவல்.) வெளுத்த பகுதியில் மாவுச் சத்து இருக்கும். அதைத் தின்ன வரும் வண்டுப் புழு உள்ளேயே வளர்ந்து, குண்டூசித் தலையளவு ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். ஓட்டைக்கடியில் மாவு போலத் தூள் கொட்டியிருந்தால் பூச்சி இன்னும் குடியிருக்கிறது என்று அர்த்தம். வைரத்தை அது சாதாரணமாகச் சீண்டாது. அதனால் வெளுப்பைச் செதுக்கித் தள்ளிவிடுவதுதான் வழக்கம். இது சுலபமான குறை.

வெடிப்பு அப்படியில்லை. ஈர மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்காது. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பக்கம் போகும் திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சுற்றளவு குறையப் பார்க்கிறது, ஆரம் அந்த அளவுக்கு விட்டுக் கொடுப்பதில்லை. விளைவு, நடுவை நோக்கி ஆப்பு அடித்தது போல வெடிப்பு. அதனால்தான் மாமா கட்டை முழுசாகக் காயும்வரை காத்திருப்பதில்லை. ஈரம் இருக்கும்போதே வாய்ச்சியால் குடத்தைத் தோராயமாகக் குடைந்து, கூடுதல் கனம் விட்டு, வெட்டு முனைகளில் மெழுகு பூசி நிழலில் போட்டு விடுகிறார். உள்ளே வயிறு காலியான பிறகு இழுத்துப் பிடிக்க ஆள் இல்லை. சுவரும் மெலிந்ததால் ஈரம் சீராக வெளியேறுகிறது. வெயிலில் போட்டால் சீக்கிரம் காயுமே என்று ஒரு நாள் கேட்டேன். "வெயில்ல போட்டா மேல் தோல் மட்டும் காயும் மாப்ளே, உள்ள ஈரம் அப்படியே நிக்கும். அப்புறம் பட்டுனு ஒரு சத்தம் வரும், அதோட தீந்துச்சு" என்றார்.

கணு மூன்றாவது ரகம். அது கிளை இருந்த இடம். மரத்தின் நார்கள் நீரோட்டம் கல்லைச் சுற்றிக்கொண்டு போவது போல அதைச் சுற்றி வளைந்து போகும். இங்கேதான் நம் வகுப்புப் பாடம் உதவிக்கு வருகிறது. நார் நேராக ஓடும் மரத்தின் வளைவு வலிமையை 100 என்று வைத்துக் கொள்ளுங்கள். 10-க்கு 1 என்ற அளவில் நார் சாய்ந்தால் அது சுமார் 81 ஆகிவிடும். 5-க்கு 1 சாய்ந்தால் 55-தான்! கணுவை ஒட்டிய இடத்தில் சாய்வு இதைவிடவும் மோசமாக இருக்கலாம்.

அப்படியானால் கணு உள்ள வீணை மட்டமா? கணு எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்லவே கூடாது. கணக்குக்காக 0.35 மி.மீ. எஃகுத் தந்தி, அதிரும் நீளம் 83 செ.மீ., வினாடிக்கு 165 அதிர்வு என்று எடுத்துக்கொண்டு சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். இழுவிசை சுமார் 57 நியூட்டன் வருகிறது. கிட்டத்தட்ட ஆறு கிலோ. இது ஒரு தந்திக்கு. வீணைக்கு நாலு வாசிப்புத் தந்தி, மூன்று தாளத் தந்தி, ஆக ஏழு. வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் இவை இராப்பகலாகத் தண்டியை வளைக்கப் பார்க்கின்றன. தண்டி லேசாக வளைந்தால் போதும், மெட்டுக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளி மாறி சுருதி கெட்டுவிடும். ஆகவே தண்டியில் கணு இருந்தால் அந்தக் கட்டை தண்டிக்கு ஆகாது. மேற்பலகையில், குதிரையின் கால் பதியும் இடத்திலும் ஆகாது. தந்தியின் அதிர்வு குடத்துக்குள் இறங்கும் வாசல் அதுதான். ஆனால் அதே கணு, இறுகிப் பிடித்து அசையாமல், குடத்தின் அடிப்பக்கம் சுவர் கனமாக இருக்கும் இடத்தில் வந்தால்? இழுவிசையும் அங்கே குறைவு, அதிர்வும் குறைவு. கண்ணுக்குத்தான் உறுத்தல்.

இந்தக் கண் உறுத்தல் சின்ன விஷயமில்லை. போன வருஷம் மாமா முடித்த ஓர் ஏகாண்ட வீணையில் குடத்தின் அடியில் எட்டணா அளவுக்குக் கறுப்புக் கணு. நாதம் நன்றாக இருந்தது. வாங்க வந்தவர்கள் திருப்பிப் பார்த்தார்கள், முகம் சுளித்தார்கள், போய்விட்டார்கள். பிறகு அவர்கள் வேறோர் இடத்தில் பளபளவென்று பாலீஷ் போட்ட வீணை வாங்கினார்கள். ஆறு மாதத்தில் அதே வீணை ரிப்பேருக்காக மாமாவிடமே வந்தது. தண்டியில் நீளவாக்கில் வெடிப்பு. மரத்தூளையும் பசையையும் குழைத்து மக்கு அடைத்து, மேலே நிறம் ஏற்றி மறைத்திருந்தார்கள். மக்கு ஓட்டையை நிரப்பும், உண்மைதான். ஆனால் அறுந்த நாரை அது சேர்த்து வைக்காது. எனக்குக் கோபம் வந்தது. மாமாவோ ஒன்றும் சொல்லாமல் தந்திகளைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். கணு வைத்த வீணை பாதி விலைக்குத்தான் போயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதனால்தான் பட்டறைக்காரர்கள் சிலர் நல்ல கணுவையும் மறைக்கப் பழகிவிடுகிறார்கள். கணுவை மறைக்கப் பழகிய கைக்கு வெடிப்பை மறைப்பது பெரிய காரியமா?

இந்தத் தகராறு நம் ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் கறுப்புச் செர்ரி என்றொரு மரம். கிடாரின் முதுகும் பக்கங்களும், அப்பலாச்சியன் மலைப்பகுதியின் டல்சிமர் என்ற தந்தி வாத்தியமும் அதில் செய்கிறார்கள். பட்டையை வண்டு துளைத்தால் அந்த மரம் பிசினை ஊறவிட்டுக் காயத்தை மூடிக் கொள்ளும். பலகையாக அறுத்தால் அது பென்சிலால் கிறுக்கியது போலக் கறுப்புக் கோடாகவும் புள்ளியாகவும் தெரியும். அங்குள்ள மரத் தர விதிகளில், செர்ரி மரத்துக்குப் பிசின் கோடும் பிசின் புள்ளியும், எட்டில் ஒரு அங்குலத்துக்கு மிகாத குட்டிக் கணுவும் அனுமதி என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். எழுத்தில் இருப்பதால் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் வாக்குவாதம் குறைவு. நம் வீணைக்கும் எந்தக் குறை எந்த இடத்தில் ஆகும், எங்கே ஆகாது என்று ஒரு சார்ட் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! மெட்ராலஜி லேபில் டாலரன்ஸ் போடக் கற்ற நமக்கு இது முடியாத வேலையா என்ன?

ஒட்டுப் போட வேண்டிய குறைகளும் உண்டு. அசையும் கணுவை உளியால் முழுக்க எடுத்துவிட்டு, அதே அளவில் ஒரு பலாத் துண்டை, நார் ஓட்டம் ஒரே திசையில் அமையும்படி வைத்து ஒட்ட வேண்டும். குறுக்கே வைத்தால் இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கி, விளிம்பில் மறுபடி கோடு விழும். நிறமும் பார்க்க வேண்டும். செர்ரியைப் போலவே பலாவும் வெளிச்சம் பட்டு நாளாக ஆகக் கறுக்கும். மஞ்சள் போய்ச் செம்பழுப்பு வரும். இன்று புதுத் துண்டை ஒட்டினால் பழைய வீணையில் அது தனியாகப் பல்லிளிக்கும். அதற்காகவே மாமா ஒவ்வொரு கட்டையிலும் மிஞ்சிய துண்டுகளை எறிவதில்லை. வீணைக்குக் கொடுத்த அதே நம்பரைத் துண்டிலும் எழுதி, ஜன்னலோரப் பரணில் வெளிச்சம் படும்படி அடுக்கி வைத்திருக்கிறார். வீணை எந்த வீட்டில் இருந்தாலும், அதன் துண்டு இங்கே அதே வயதோடு கறுத்துக் கொண்டிருக்கிறது.