அடிபட்ட பிள்ளையைக் கேட்டீர்களா?

பிள்ளைகளை அடிக்காமல் வளர்ப்பது எப்படி என்று பெற்றோர்க்குக் கற்றுத்தரும் திட்டங்கள் இன்று நாடு நாடாய்ப் பரவுகின்றன. வரவேற்கிறோம். ஆனால் ஒன்று கேட்கிறோம்: திட்டம் பலித்ததா இல்லையா என்று யாரைக் கேட்டு முடிவு கட்டுவது?

தென் ஆப்பிரிக்காவின் கிழக்கு கேப் மாநிலத்தைப் பாருங்கள், தோழர்களே! நிறவெறி ஆட்சி அந்த மண்ணின் ஆண்களைத் தங்கச் சுரங்கங்களுக்குக் கூலிகளாக இழுத்துக்கொண்டது. பிறகு வந்த எய்ட்ஸ் நோய் தாய் தந்தையரைப் பறித்தது. பேரப்பிள்ளைகளைப் பாட்டிமார் வளர்க்கும் வீடுகள் பெருகின. தாயும் தந்தையும் கூடியிருக்கும் மேனாட்டுக் குடும்பத்துக்கென எழுதிய பாடம் அங்கே எடுபடுமா?

எடுபடாது. ஆகவேதான் அந்த மண்ணுக்கேற்ப ‘சினோவுயோ’ திட்டம் உருவாயிற்று. கோசா மொழியில் ‘எங்களிடம் மகிழ்ச்சி உண்டு’ என்று பொருள். மொத்தம் 14 வகுப்புகள். பெரும்பாலானவற்றில் வளர்ப்பவரும் வளரிளம் பிள்ளையும் சேர்ந்தே உட்காருவர், கூடி உண்பர். பிள்ளையைப் பாராட்டுவது, சினத்தை அடக்குவது, இருக்கும் சொற்பக் காசைத் திட்டமிட்டுச் செலவிடுவது, இவையே பாடங்கள். வர இயலாதவரின் வீட்டுக்கே பாடம் போகும்.

40 இடங்களில் 552 குடும்பங்களைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். சில இடங்களுக்குப் பயிற்சி, மற்றவற்றுக்கு இல்லை. 2018-இல் முடிவு வெளிவந்தது. பயிற்சி முடிந்து 5 முதல் 9 மாதங்கள் சென்றபின், வளர்ப்பவர்கள் சொன்ன கணக்குப்படி, பயிற்சி பெறாத குடும்பங்களைவிடக் கொடுமை 45 சதவிகிதம் குறைவு!

வெற்றி முரசு கொட்டலாமா? பொறுங்கள். பிள்ளைகளையும் கேட்டார்கள். அவர்கள் சொன்னதில் தெளிவான வேறுபாடு எதுவும் தென்படவில்லை!

பாட்டிமார் பொய்யுரைத்தார்கள் என்று நாம் கூறவில்லை. ஆனால் பாடம் கேட்டவருக்கு, எந்த விடையை எதிர்பார்க்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடுகிறதல்லவா? குடும்பத்தின் பணநிலை தேறியதென்று இரு தரப்பும் சொல்லின. அதை நம்பிக்கையோடு ஏற்கலாம். அடி குறைந்ததென்று ஒரு தரப்பு மட்டுமே சொல்லிற்று. அதை எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும். இரண்டையும் மறைக்காமல் வெளியிட்ட ஆய்வாளரின் நேர்மையைப் போற்றுகிறோம்.

ஆலையில் தொழிலாளி நலமா என்று மேஸ்திரியை மட்டும் கேட்டு எழுதிய அறிக்கையை நாம் ஒப்புவோமா? மாட்டோம்! வீட்டிலும் நீதி அதுதான். பாடத்தை ஊருக்கேற்ப மாற்றினால் மட்டும் போதாது. அடிபட்ட பிள்ளையின் சொல்லும் கணக்கில் ஏறவேண்டும். அது ஏறாத அறிக்கை, பாதி அறிக்கையே!