எதிர்க்காற்றில் பாய்மரப் படகு முன்னேறுவது எப்படி?

மாமல்லபுரம் கரையில் விடியற்காலையில் நிலக்காற்று படகைக் கடலுக்குள் தள்ளும். வெயில் ஏறியதும் நிலம் சூடாகி, அங்குள்ள காற்று மேலெழும்பும். அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று கரையை நோக்கி வீசும்.

இப்போது கடலுக்குள் போவது எப்படி?

ஈரமான புளியங்கொட்டையை இரு விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தம் பக்கவாட்டில், கொட்டையோ முன்னே துள்ளும். படகும் அப்படித்தான். சாய்த்துக் கட்டிய பாயைக் காற்று ஒருபுறம் தள்ளும். நீருக்குள் இறக்கிய பலகையைத் தண்ணீர் மறுபுறம் தடுக்கும். மிச்சமிருப்பது முன்வழிதான்.

காற்றுக்கு நேர் எதிரே போனால் பாய் படபடத்துப் படகு நின்றுவிடும். அதனால் சுமார் 45 பாகை விலகி, இடமும் வலமுமாக மாறி மாறிச் செல்ல வேண்டும்.

காற்று திடீரென வலுத்தால்? பாய்க்கயிற்றை உடனே தளர்த்துங்கள். சாய்ந்த படகு நிமிரும்.