கோல்கோந்தும் இலத்தூர்த் தார்சாவும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஏறத்தாழ 1945-க்கும் 1970-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் செழித்த எளிய வீட்டமைப்பு முறை ‘மிட் செஞ்சுரி மாடர்ன்’ என்ற பெயரில் இன்று உலகெங்கும் மீண்டும் விரும்பப்படுகிறது. நூற்றாண்டின் நடுக்கால நவீனம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். பூவேலையும் ஒட்டு அலங்காரமும் இல்லாத சுவர், தாழ்ந்து நீண்ட கூரை, மரத்தின் ரேகை மறையாத மேசை நாற்காலிகள், அறையிலிருந்து தோட்டம்வரை தடையின்றிச் செல்லும் பார்வை ஆகியவை அதன் அடையாளங்கள். தென்காசி வட்டாரத்தில் புதுவீடு கட்டுவோரிடமும் இந்த விருப்பம் வந்திருக்கிறது. வந்து சேர்ந்திருப்பதோ பெரும்பாலும் அதன் முகம் மட்டுமே. சதுரப்பெட்டி போன்ற வடிவம், சாம்பல் வண்ணம், மேற்குச் சுவரில் அகலமான கண்ணாடி என்று படத்தைப் பார்த்துக் கட்டப்படும் ‘எலிவேஷன்’, மாலை வெயிலும் சாரலும் ஒரே திசையிலிருந்து தாக்கும் இலத்தூர் போன்ற ஊரில், குடியிருப்போருக்குக் கோடையில் வெக்கையையும் ஆடியில் ஈரச்சுவரையும் தருகிறது. இந்த வடிவமைப்பு முறையின் வேர்களுள் ஒன்று தமிழ் வழங்கும் புதுச்சேரியிலேயே ஊன்றியது என்பதையும், அது அங்கே வெயிலையும் காற்றையும் கணக்கிட்டே உருவானது என்பதையும் அறிந்தவர்கள் இவ்வாறு கட்ட மாட்டார்கள்.

புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் விடுதிக்குக் கோல்கோந்த் என்று பெயர். ஐதராபாத் நிஜாம் அரசின் நன்கொடை, அவ்வரசில் உயர்பதவி வகித்த அக்பர் ஹைதரியின் முயற்சியால் கிடைத்ததை ஒட்டி, கோல்கொண்டா என்ற ஊர்ப்பெயரின் பிரெஞ்சு வடிவமே அதற்கு இடப்பட்டது. 1930-களின் நடுவில் அதன் வரைபடத்தைத் தொடங்கியவர், போஹிமியாவில் பிறந்து, அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்டு ரைட்டுடன் டோக்கியோ சென்று, அங்கேயே தனி அலுவலகம் நடத்திய ஆன்டனின் ரேமண்ட் ஆவார். அவருடைய உதவியாளர்களான செக் நாட்டு ஃபிரான்டிசேக் சாமரும், ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த ஜார்ஜ் நகாஷிமாவும் புதுச்சேரியிலேயே தங்கி, ஆசிரமத்தாரின் உழைப்பையும் சேர்த்துக்கொண்டு வேலையை நடத்தினர். கம்பி கட்டிய கான்கிரீட்டை அச்சில் வார்த்து எழுப்பும் முறை இந்தியாவில் அரிதாக இருந்த காலத்தில், அந்தக் கான்கிரீட்டின் மேல் எந்தப் பூச்சும் தேவையில்லை என்னும் அளவுக்கு அச்சுப்பலகைகளை இழைத்துப் பொருத்தியிருக்கிறார்கள்.

அக்கட்டடத்தின் வடக்கு, தெற்கு முகங்களில் ஜன்னல் என்று தனியாக எதுவும் கிடையாது என்பதே அதில் நின்று கவனிக்க வேண்டிய செய்தி. ஜன்னலுக்கு மாறாக, தரையிலிருந்து மேல்தளம்வரை, முகம் முழுவதும், படுக்கைவாட்டுத் தகடுகள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கின்றன. பித்தளைக் கைப்பிடி ஒன்றைத் திருகினால் ஒரு தொகுதித் தகடுகள் ஒருசேரத் திறந்து மூடும். மழை பெய்யும்போது அரைவாசி சாய்த்து வைத்தால் நீர் வெளியே வடிய, காற்று உள்ளே வரும். அறைகளின் பின்புறம் நீளும் நடைவழிக்கும் அறைக்கும் நடுவே, சட்டங்களை இடைவெளி விட்டு அடுக்கிய தேக்கு நகர்கதவு இருப்பதால், கதவை மூடிய பின்னும் உள்ளே இருப்பவரை வெளியிலிருந்து பார்க்க முடியாது, ஆனால் காற்று தடையின்றிக் கடந்து செல்லும். கூரையின் மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள் ஒரு வெற்றிடம் விட்டுக் கவிக்கப்பட்டிருப்பதால் வெயிலின் சூடு மேல் ஓட்டோடு நின்று விடுகிறது. வடக்கே மரங்கள் அடர்ந்த நிழல் தோட்டமும், தெற்கே திறந்த வெளியும் அமைக்கப்பட்டிருப்பதில் ஒரு கணக்கு உண்டு: குளிர்ந்த பக்கத்துக்கும் சூடான பக்கத்துக்கும் இடையிலான வேறுபாடே காற்றை நகர்த்துகிறது. தோட்டம் அங்கே வீட்டின் இயங்கு உறுப்பாகவே வேலை செய்கிறது. (அந்தத் தகடுகள் கல்நார் சிமெண்டால் ஆனவை, கல்நாரின் தீமை அறியப்பட்ட இக்காலத்தில் மரம், அலுமினியம் ஆகியவற்றால்தான் அவற்றைச் செய்ய வேண்டும்.)

அந்த அறைகளுக்கான தேக்குக் கட்டில், மேசை, நாற்காலிகளை வடிவமைத்தவர் நகாஷிமா. அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயரிட்டார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கா ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தபோது, அதற்குள் அங்கே திரும்பியிருந்த அவரும் குடும்பத்துடன் அடைபட்டார்; முகாமில் ஒரு ஜப்பானியத் தச்சரிடம் மரபான மரவேலை கற்றார். ரேமண்டின் பொறுப்பில் 1943-இல் வெளிவந்து, பென்சில்வேனியாவின் நியூ ஹோப் என்ற ஊரில் பட்டறை அமைத்த அவர், நடுக்கால நவீன மரச்சாமான்களின் பெரும் கலைஞர்களுள் ஒருவராக மதிக்கப்படுகிறார். இன்று அயல்நாட்டுப் பாணி என்று விலை கொடுத்து வாங்கப்படும் எளிய தேக்கு நாற்காலியின் மூதாதைகளுள் ஒன்று வங்கக் கடலோரத்தில் இழைக்கப்பட்டது என்பதைத் தமிழர் பெருமையோடு நினைக்கலாம். இதே காலத்துப் பெயர்பெற்ற அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் இணையர் 1958-இல் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையில், நாட்டில் தாம் கண்ட பொருள்களிலேயே அழகானது என்று எடுத்துக்காட்டியது, தண்ணீர் மொள்ளும் சாதாரணச் செம்பையே.

இனி இலத்தூரின் நிலையைப் பார்க்கலாம். ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று பாய்கிறது. குற்றால அருவிகளை நிறைக்கும் அதே பருவம் இவ்வூருக்குச் சாரலைத் தூவுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை கிழக்கிலிருந்து வருகிறது. ஆகவே இங்கே கட்டப்படும் வீட்டுக்கு இருபுறமும் நீண்ட இறவாரம், அதாவது சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு, வேண்டும். இந்த வட்டாரம் ஏறத்தாழ 9 பாகை வட அகலாங்கில் இருப்பதால், சித்திரைப் பிறப்பை ஒட்டி நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. அதிலிருந்து ஆவணி வரை அது வடக்கே சாய்ந்தே செல்வதால் வடக்குச் சுவரும் வெயில் காணும். வடக்கு, தெற்குச் சுவர்களை ஒன்றரை முழ நீளச் ‘சன்ஷேடு’ காப்பாற்றிவிடும். மேற்கு வெயில் தாழ்வாக நுழைவதால் அங்கே அது பயன்படாது. கண்ணாடியை அதிகம் வைக்கக் கூடாத திசை மேற்குதான்.

திருநெல்வேலிச் சீமையின் பழைய தெருவீடு இதையெல்லாம் அறிந்திருந்தது. தெருவை ஒட்டிய திறந்த முன்தாழ்வாரமான தார்சா, குடும்பம் புழங்கும் கூடமான பட்டாசல், நெல்லும் பாத்திரமும் இருக்கும் இருட்டறையான அரங்குவீடு, அடுக்களை, புறவாசல் என்று வாசல்கள் ஒரே நேர்கோட்டில் அமைந்ததால், முன்னே நுழைந்த காற்று பின்னே வெளியேறியது. தென்காசிக் கோயிலின் கோபுர வாசலில் நிற்போர் மேனியில் மோதும் காற்றுக்கும் இதே விதிதான் அடிப்படை: அகன்ற வெளியிலிருந்து குறுகிய வழிக்குள் புகும் காற்று விரைகிறது. தமிழ்க் கவிதைச் சுவைஞரான ரசிகமணி டி.கே.சி.யின் திருநெல்வேலி வீட்டில் நண்பர்கள் கூடிக் கவிதை சுவைத்த அவை ‘வட்டத்தொட்டி’ என்றே பெயர் பெற்றது. தொட்டி என்பது வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம். வெளிச்சமும் காற்றும் இறங்கும் இடத்தில்தான் மனிதரும் கூடுகின்றனர். காவிப்பொடி கலந்து தேய்த்த சிவப்புச் சிமெண்டுத் தரையும், சுண்ணாம்பு வெள்ளையும், பத்தமடைக் கோரைப்பாயும் அந்த வீட்டுக்குப் போதுமான அலங்காரமாக இருந்தன.

இந்தப் பழைய அறிவையும் புதிய வசதியையும் இணைத்துக் கட்டிக் காட்டியவர்கள் அக்கம்பக்கத்திலேயே இருந்திருக்கின்றனர். இலங்கையின் மின்னெட் டி சில்வா 1950-ஐ ஒட்டிக் கண்டியில் கட்டிய வீட்டில் உள்ளூர்க் கைவினைஞரின் வேலையை நவீனக் கட்டடத்துக்குள் கொண்டு வந்தார். அவருக்குப் பின் வந்த ஜெஃப்ரி பாவா மதுரையில் ஆலை அலுவலர்க்கான கிளப் ஒன்றை 1970-களில் கட்டினார். கணவாய்க்கு அப்பால் திருவனந்தபுரத்தில் வாழ்ந்த லாரி பேக்கரின் முறைகள் இவ்வட்டாரக் கொத்தனார்களுக்கு இன்னும் நெருக்கமானவை. செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு, கால் பங்கு செங்கல்லை மிச்சப்படுத்துவதோடு வெக்கையையும் தடுக்கிறது. தளம் வார்க்கும்போது, பளு தாங்கும் வேலையை அடிப்பகுதியில் கம்பியே செய்வதால், அங்கே கம்பிகளுக்கு நடுவே பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்துவிட்டால் கான்கிரீட் குறைகிறது. கீழிருந்து பார்க்கையில் அந்த ஓடுகளின் சிவப்பே கூரையின் அழகாகிறது. பொய்க்கூரைக்குச் செலவிடும் பணத்தை இதில் மிச்சம் பிடித்து, செங்கோட்டை மரக்கடைகளில் நல்ல தேக்குச் சட்டம் வாங்கித் தச்சரிடம் கொடுத்தால் இரண்டு தலைமுறைக்கு உழைக்கும் கட்டில் கிடைக்கும்.

தோட்டத்திலும் இதே சிக்கனம் பொருந்தும். படங்களில் காணும் கொரியப் புல்தரை, கோடையில் நாள்தோறும் தண்ணீர் கேட்பது. கிணறு வற்றும் ஆண்டில் அது முதலில் கருகும். சில வகைச் செடிகளை மட்டும் தேர்ந்து, அவற்றைக் கூட்டமாக நட்டு, மீதியை மணலும் பாவுகல்லும் கொண்ட வெறும் தரையாக விடுவதே நடுக்கால நவீனத் தோட்டத்தின் முறை. மேற்கு எல்லையில் புன்னையும் மகிழமும் காற்றைச் சலித்து அனுப்பும். வாசலருகே செண்பகம் ஒன்று போதும். சுவரோரம் நந்தியாவட்டையும் இட்லிப்பூவும் வரிசை கட்டும். முருங்கையை மட்டும் வீட்டை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும், ஆடிக்காற்றில் அதன் கிளை முறியாத ஆண்டில்லை. அங்கணத்து நீர், அதாவது பாத்திரம் கழுவுமிடத்து நீர், வாழைக்குப் பாய்வது பழைய வழக்கம். அதைக் குழாயில் அடைத்துச் சாக்கடைக்கு அனுப்பத் தேவையில்லை.

இலத்தூரில் மனை வாங்கியிருப்போர் வரைபடம் போடுமுன் ஒரு ஆனி, ஆடியையும் ஒரு ஐப்பசி, கார்த்திகையையும் அந்த மனையில் கவனித்துவிட வேண்டும்: காற்று எந்த மூலையில் நுழைகிறது, சாரல் எவ்வளவு தூரம் நனைக்கிறது, மாலை நாலு மணிக்கு நிழல் எங்கே விழுகிறது என்று ஒரு தாளில் குறித்து, அந்தத் தாளை முதலில் கொத்தனாரிடம் கொடுங்கள்; கைப்பேசிப் படத்தை அதன் பிறகு காட்டலாம்.