கட்டுவதும் கலைப்பதும்

ஒரு சங்கத்தைப் பதிவு செய்யும் நாளில் பந்தலும் தோரணமும் உண்டு. அதைக் கலைத்துக் கணக்கு முடிக்கும் நாளிலோ எட்டிப் பார்ப்பார் இல்லை. ஆய்வாளர் என்ற முறையில் இவ்விரண்டையும் நாம் கண்டிருக்கிறோம். தொடங்குவதற்குக் காட்டும் கவனத்தை முடிப்பதற்கும் காட்ட வேண்டும் என்பதற்கு இங்கிலாந்து தேசத்து மின்சார நிலையம் ஒன்றின் கதை தக்க சான்றாகும்.

ஆக்ஸ்போர்டு நகருக்குத் தெற்கே டிட்காட் என்னும் சிற்றூர் உள்ளது. மத்திய மின்சார உற்பத்தி வாரியம் 1964-ல் அங்கே ஒரு நிலையத்தைக் கட்டத் தொடங்கிற்று. 1970-ல் அது மின்சாரம் வழங்கலாயிற்று. 500 மெகாவாட் தொகுதிகள் நான்கு. ஆக 2,000 மெகாவாட். நிலக்கரி ரயிலில் வந்தது. தண்ணீர் தேம்ஸ் நதியிலிருந்து வந்தது. ஆறு குளிர்விப்புக் கோபுரங்களும், 200 மீட்டர் உயரமுள்ள புகைபோக்கியும் நெடுந்தூரத்திலிருந்தே தெரிந்தன.

நிலக்கரிப் புகையில் உள்ள கந்தகம் காற்றைக் கெடுப்பது. அதைக் கட்டுப்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2001-ல் விதி வகுத்தது. பெருஞ்செலவில் கந்தக நீக்கச் சாதனம் அமைக்கலாம். இல்லையேல் 2008 முதல் 20,000 மணி நேரம் மட்டும் ஓடி, 2015 முடிவதற்குள் மூடிவிட வேண்டும். டிட்காட் இரண்டாவது வழியை ஏற்றது. 2013 மார்ச் 22-ல் அதன் கொதிகலன்கள் அணைந்தன.

மூடியது ஒரு நாளில். இடித்து முடிக்க ஏறக்குறைய ஏழு வருஷங்கள். 2014 ஜூலையில் மூன்று கோபுரங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. 2016 பிப்ரவரி 23-ல் கொதிகலன் கட்டடத்தை வீழ்த்த ஆயத்தம் நடந்துகொண்டிருக்கையில், அதன் பெரும்பகுதி தானாகவே சரிந்தது. தொழிலாளர் நால்வர் மாண்டனர். எஞ்சிய பகுதியை அணுகுவதே அபாயமாயிருந்தது. ஆகவே தூரத்திலிருந்து இயக்கும் யந்திரங்களைக் கொண்டு வெடிமருந்து வைத்து, ஜூலையில் அதை வீழ்த்தினர். இறந்தோரில் கடைசி ஒருவரின் உடல் செப்டம்பரில்தான் கிடைத்தது. அதுவரை அந்தக் குடும்பம் ஈமக்கடனுக்கும் வழியின்றிக் காத்திருந்தது. மற்ற மூன்று கோபுரங்கள் 2019 ஆகஸ்டிலும், புகைபோக்கி 2020 பிப்ரவரியிலும் வீழ்ந்தன.

கட்டடம் எழும்போது நாளுக்கு நாள் உறுதி கூடுகிறது. பிரிக்கும்போதோ ஒவ்வொரு தூணை வெட்டுந்தோறும் எஞ்சியதன் உறுதி குறைகிறது. ஆதலின் இடிப்பதற்குக் கட்டுவதினும் மிகுந்த அறிவு வேண்டும். பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின் நிலையமும் 2024 செப்டம்பர் 30-ல் மூடப்பட்டுவிட்டது. இத்தகைய வேலை இனி எங்கும் பெருகும்.

நம் சங்கங்களிலும் பழைய கிடங்கையோ தறிக்கூடத்தையோ பிரிக்கும் தருணம் வருகிறது. இடிக்கும் வேலைதானே என்று, குறைந்த தொகை கேட்பவருக்கே கொடுத்துவிடுகிறோம். நிர்வாகக் குழுவினர் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். முதலில் எதை எடுப்பது? அதை எடுத்தபின் மேலே இருப்பதை எது தாங்கும்? அந்நேரம் கீழே நிற்பவர் யார்? இவற்றுக்கு எழுத்தில் விடை பெற்ற பின்னரே தீர்மானத்தில் கையொப்பமிட வேண்டும். கூலிக்கு வந்தவர் மாலையில் வீடு திரும்பினார் என்பதும் சங்கத்தின் வரவுக் கணக்கில் சேர்ந்ததே.